தவிடு போன வழி: மலையகத்தில் முழுத்தானியப் பாணும் அதன் சேர்மானப் பட்டியலும்

சிவனொளிபாத மலையின் ஹட்டன் வழி அடிவாரமான நல்லதண்ணியில் பாண் இரு வகையாக விற்கப்படுகிறது. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நீளும் யாத்திரைக் காலத்தில், மலையேற வருவோருக்காகப் பொலித்தீன் உறையிலிட்ட அச்சுப் பாணும் பனிஸும் கடைகளில் அடுக்கப்படுகின்றன. சுற்றியுள்ள தோட்டங்களின் லயன்களில், அதாவது வரிசை வீடுகளில், வாழும் குடும்பங்களுக்கோ, மஸ்கெலியாப் பக்கத்து வெதுப்பகங்களிலிருந்து வரும் உறையில்லாத ராத்தல் பாணும், முச்சக்கர வண்டியில் இசையோடு வரும் சூன் பாணுமே ஆண்டு முழுவதும் எட்டுகின்றன. முதல் வகையில் சேர்மானப் பட்டியல், அதாவது உணவில் என்னென்ன சேர்ந்துள்ளன என்று உறையில் அச்சிடப்படும் வரிசை, இருக்கிறது. இரண்டாம் வகையில் அது இல்லை. முழுத்தானியப் பாணைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ‘பட்டியலைப் படியுங்கள்’ என்பதோடு நின்றுவிடுவதால், பட்டியலே இல்லாத பாணை உண்போருக்கு அவை பாதி வழிக்கு மேல் துணைவருவதில்லை. பட்டியல் உள்ள இடத்தில் அதை எவ்வாறு படிப்பது, இல்லாத இடத்தில் எதைக் கொண்டு அந்தக் குறையை நிரப்புவது என்னும் இரு கேள்விகளையும் சேர்த்தே ஆராய வேண்டியுள்ளது.

கோதுமை மணி மூன்று பகுதிகளால் ஆனது. வெளிப்புறத்தில் பல அடுக்குகளாக அமைந்த தவிடு மணியின் எடையில் ஏறத்தாழ 14 வீதமாகவும், புதிய பயிராக முளைக்கும் கருவான முளைப்பகுதி 2 முதல் 3 வீதமாகவும், எஞ்சிய 83 வீதமளவு மாச்சத்தும் புரதமும் செறிந்த உள்மணியாகவும் இருக்கின்றன. நார்ச்சத்து, இரும்பு, மக்னீசியம், பி வகை விற்றமின்கள் ஆகியவற்றில் பெரும்பங்கு அளவில் சிறிய அந்த இரு பகுதிகளிலேயே அடங்கியுள்ளது. உருளை ஆலைகள் தவிட்டையும் முளையையும் பிரித்துவிட்டு உள்மணியை மட்டும் அரைத்து வெள்ளை மாவாக்குகின்றன. முளையிலுள்ள எண்ணெய் காலப்போக்கில் கசந்து மாவைக் கெடுக்கும் என்பதால், நெடுநாள் களஞ்சியத்தில் வைக்கவும் கப்பலில் அனுப்பவும் இந்தப் பிரிப்பு வணிகத்துக்கு உதவியது. 100 கிராம் முழுக்கோதுமை மாவில் 10 கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருக்க, அதே அளவு வெள்ளை மாவில் 3 கிராம் கூட இருப்பதில்லை. மூன்று பகுதிகளும் இயற்கையில் இருந்த அதே விகிதத்தில் மாவிலும் இருந்தால்தான் அதை முழுத்தானியம் என்று சொல்லலாம். வெள்ளை மாவில் ஒரு பிடி தவிட்டைத் தூவிச் சுட்ட பாண், நார்ச்சத்து சற்றுக் கூடியதாக இருந்தாலும், முழுத்தானியப் பாண் ஆகாது.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்களின் முதல் உணவு, கூலியோடு கணக்குப் பார்த்து வழங்கப்பட்ட அரிசியே; கேழ்வரகையும் கம்பையும் அறிந்து வந்த மக்கள் கப்பலில் வந்த அரிசிக்குப் பழகினர். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோக, அந்த வெற்றிடத்தைக் கோதுமை மா நிரப்பியது. போருக்குப் பின் வந்த ஆண்டுகளில் அமெரிக்க உணவு உதவியாகவும் இறக்குமதியாகவும் மா தொடர்ந்து வந்தது. ‘அமெரிக்கன் மா’ என்னும் பெயர் இன்றும் முதியோர் வாயில் நிலைத்திருக்கிறது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் பங்கீட்டு மாவும் அரிசியும் குறைக்கப்பட்டபோது, பயிரிட நிலமில்லாத தோட்ட மக்கள் நாட்டின் வேறெந்தப் பிரிவினரையும் விடக் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன. 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கியபின் கோதுமை மணியாக வந்து உள்நாட்டிலேயே அரைபட்டபோதும், சந்தைக்குப் போனது பெரும்பாலும் வெள்ளை மாவே. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் முன் சுடும் ரொட்டி, பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் பனிஸ், மாலையில் தேத்தண்ணியோடு வரும் பாண் ஆகிய மூன்றும் ஒரே மாவிலிருந்து வரும் வீடுகள் பல. ஆகவே மலையகத்தில் முழுத்தானியம் பற்றிய பேச்சை வசதி படைத்தோரின் உணவுப் பழக்கம் என்று ஒதுக்குவது தவறு. நாளின் பெரும்பகுதிச் சக்தியை ஒரே மாவிலிருந்து பெறும் மக்களுக்கு, அந்த மாவில் எது இருக்கிறது, எது இல்லை என்பதைவிட முக்கியமான உணவுக் கேள்வி அதிகம் இல்லை.

அட்டையில் காணும் பெயர்களில் பெரும்பாலானவை நம்பத்தக்கவை அல்ல. ‘பிரவுண் பாண்’ என்பது நிறத்தைச் சொல்கிறதே தவிர மாவைச் சொல்லவில்லை. கருக்கிய சீனிப் பாகும், 150 என்ற எண்ணால் குறிக்கப்படும் கரமெல் நிறமூட்டியும் வெள்ளை மாவைப் பழுப்பாக்கப் போதுமானவை. ‘பல்தானியம்’ என்பது தானியங்களின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. ஐந்து தானியங்களும் தவிடு நீக்கப்பட்டவையாக இருக்கலாம், அல்லது நான்கு தானியங்கள் மேலே தூவிய அலங்காரமாக நின்றுவிடலாம். ‘கோதுமைப் பாண்’ என்பதில் பொய் இல்லை, ஏனெனில் வெள்ளைப் பாணும் கோதுமைதான். குரக்கன் பாணின் நிலை இன்னும் நுட்பமானது. தமிழ்நாட்டில் கேழ்வரகு என வழங்கும் குரக்கன் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் கொண்ட அரிய தானியம். ஆனால் மாவைப் பிசையும்போது இழுபட்டு, ஈஸ்ட் வெளியிடும் வாயுவைப் பிடித்துவைக்கும் குளூட்டன் என்னும் புரதம் அதில் இல்லை. எனவே உப்பி எழும் பாணாக அதைச் சுட, வெதுப்பாளர் பெரும்பகுதிக்குக் கோதுமை மாவையே சேர்க்க வேண்டியிருக்கிறது. சிறிதளவு குரக்கனே பாண் முழுவதையும் கறுப்பாக்கிவிடுவதால், கண்ணால் அந்த விகிதத்தை அறிய முடிவதில்லை.

சில நாடுகள் பெயரையே சட்டத்தால் கட்டியுள்ளன. பிரித்தானியாவின் 1998ஆம் ஆண்டுப் பாண், மா ஒழுங்குவிதிகளின்படி, மா முழுவதும் முழுக்கோதுமை மாவாக இருந்தாலொழிய ஒரு பாணை முழுமணிப் பாண் என்று விற்க முடியாது. நெதர்லாந்திலும் அதே கண்டிப்பு உண்டு. முழுத்தானிய முன்னெடுப்பு என்ற பன்னாட்டு அறிஞர் குழு வகுத்த வரையறை, உலர் எடையில் குறைந்தது பாதியளவு முழுத்தானியம் இருந்தால் அந்த உணவை முழுத்தானிய உணவு என அழைக்கலாம் என்கிறது. இந்த இரு அளவுகோல்களில், முழுமையைக் கோரும் முன்னதே வாங்குவோருக்கு நேர்மையானது. பாதிக்குப் பாதி என்ற அளவு உற்பத்தியாளருக்கு வாய்ப்பானது. ஆனால் பெயரைப் படித்து வாங்கும் தாய் ஒருத்தி முழுமையைத்தான் எதிர்பார்க்கிறாள்.

பெயரை விட்டுவிட்டுப் பட்டியலுக்கு வந்தால் நிலம் உறுதியாகிறது. உலக உணவு நியமக் குழுவான கோடெக்ஸ் வகுத்த விதிப்படி, சேர்மானங்கள் தயாரிப்பின்போது சேர்த்த எடையின் இறங்கு வரிசையில் எழுதப்பட வேண்டும். முதலில் நிற்பதே மிகுதியானது. பாணில் அந்த முதலிடம் பெரும்பாலும் ஏதேனும் ஒரு மாவுக்கே உரியது. இலங்கைச் சந்தையில் அடைமொழி ஏதுமின்றிக் ‘கோதுமை மா’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெள்ளை மா என்றே கொள்ள வேண்டும். ‘முழுக்கோதுமை மா’, ‘முழுமணி மா’ போன்ற சொற்களே முழுமையைக் குறிக்கின்றன. ‘செறிவூட்டிய மா’ என்பது நீக்கிய சத்துகளில் சிலவற்றைத் திரும்பச் சேர்த்த வெள்ளை மா. ‘ஆட்டா மா’ என்னும் சொல் பொதுவாகத் தவிட்டோடு அரைத்த மாவைக் குறித்தாலும், ஆலையில் பிரித்த தவிட்டைப் பின்னர் கலந்து முளைப்பகுதியை விட்டுவிடவும் முடியும் என்பதால், அதன் உறையிலும் பட்டியலைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

ஒரு மாதிரிப் பட்டியலை நிறுத்தி நிதானமாகப் பார்ப்பது பயன்தரும். எந்த நிறுவனத்தையும் குறிக்காத, ஆனால் சந்தையில் பலமுறை எதிர்ப்படும் வரிசை இது: கோதுமை மா, நீர், முழுக்கோதுமை மா, சீனி, கோதுமைக் குளூட்டன், மரக்கறிக் கொழுப்பு, ஈஸ்ட், உப்பு, ஓட்ஸ், எள், 471, 282, 150. இதன் உறையில் கோதுமைக் கதிரின் படமும் ஓட்ஸின் பெயரும் பெரிதாக இருக்கக்கூடும். முழுக்கோதுமை மா நீருக்குப் பின்னால் நிற்பதால், முதலிடம் வெள்ளை மாவுக்கே போய்விட்டது தெரிகிறது. அடுத்து உப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பாணில் உப்பு பொதுவாக மாவின் எடையில் 2 வீதத்தைத் தாண்டுவதில்லை. ஒரு ராத்தல் பாணுக்கு ஏறத்தாழ 300 கிராம் மா என்று கொண்டால் உப்பு 6 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டியளவு. இறங்கு வரிசையில் உப்புக்குப் பின் வரும் எதுவும் அந்த ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த எடையே கொண்டது. ஆக, அட்டையில் பெருமையோடு பெயர் சொல்லப்பட்ட ஓட்ஸ், பாண் முழுவதிலும் சில கிராம்களே உள்ளது. உப்பை எல்லைக்கல்லாக வைத்துப் படிக்கும் இந்த முறை, எழுத்தறிவு குறைந்தவர்க்கும் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும் என்னும் அளவுக்கு எளிமையானது.

எண்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகவும் கொள்ளக் கூடாது. 300 என்பது விற்றமின் சி. மாவின் குளூட்டனை வலுப்படுத்துவதற்காகச் சேர்க்கப்படுவது. 471 கொழுப்பிலிருந்து பெறப்படும் குழம்பாக்கி, அதாவது எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிணைத்துப் பாணை மென்மையாக வைத்திருக்கும் பொருள். 282 கல்சியம் புரொப்பியனேற்று என்னும் பூஞ்சணத் தடுப்பி. மூடுபனியும் மழையும் ஓயாத மஸ்கெலியாப் பள்ளத்தாக்கில் பாண் விரைவில் பூப்பதால், உறையிலிட்ட பாண்களில் இது காணப்படுவதில் வியப்பில்லை. 924 என்னும் பொற்றாசியம் புரோமேற்றே உண்மையில் விலக்கத்தக்கது. மாவை உப்ப வைக்கப் பயன்பட்ட அப்பொருளை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகாமை வகைப்படுத்தியது. 1990இல் பிரித்தானியாவும், புது தில்லியின் அறிவியல் சூழல் மையம் வெளியிட்ட பரிசோதனை முடிவுகளைத் தொடர்ந்து 2016 ஜூனில் இந்தியாவும் அதைத் தடை செய்தன. சேர்க்கைப் பொருள் ஏதுமில்லாத வெள்ளைப் பாணை விட, இரண்டொரு எண்களைக் கொண்ட முழுக்கோதுமைப் பாணே உடலுக்குகந்தது என்பதை மறக்காமல் இருப்பதும் அவசியம். எண்களைத் தேடுவதிலேயே மனம் சென்றுவிட்டால் முதலிடத்து மா கண்ணில் படாமல் போய்விடும்.

பட்டியலுக்குப் பக்கத்தில் போசணை அட்டவணை இருக்குமாயின் மேலும் ஒரு சோதனை உண்டு. ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளியின் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், முழுத்தானிய உணவுகளை இனங்காணப் பல அளவுகோல்களை ஒப்பிட்டு, மொத்த மாச்சத்து நார்ச்சத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டாமல் இருப்பதே நல்ல அடையாளம் என்று கண்டனர். முழுக்கோதுமையில் இயல்பாகவே உள்ள விகிதமும் ஏறத்தாழ அதுவே. 100 கிராம் பாணில் மாச்சத்து 45 கிராம், நார்ச்சத்து 5 கிராம் என்றால் அது தேறும். 48 கிராமுக்கு 3 கிராம் என்றால் தேறாது. அதே ஆய்வு, முழுத்தானிய முத்திரை பொறித்த பொருட்களில் நார்ச்சத்து கூடுதலாக இருந்தபோதிலும் சீனியும் சக்தியும் கூடியிருந்ததைச் சுட்டிக்காட்டியது. உப்பைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2021இல் புளிக்க வைத்த பாணுக்கு 100 கிராமுக்கு 330 மில்லிகிராம் சோடியம் என்ற இலக்கை வகுத்தது.

முழுத்தானியத்தின் பயன்களைப் பற்றிய சான்று வலுவானது, ஆனால் எல்லையற்றது அல்ல. 2016இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு, நாளொன்றுக்கு 90 கிராம் முழுத்தானிய உணவு கூடுதலாக உண்போரிடம் இதய நாள நோய் ஏற்படும் வாய்ப்பு 19 வீதம் குறைந்திருந்ததைக் காட்டியது. இவை நீண்டகாலம் பின்தொடர்ந்து அவதானித்த ஆய்வுகளின் தொகுப்பாதலால், முழு வேறுபாடும் தானியத்தாலேயே வந்தது என்று கூற இயலாது. வளர்ந்தோர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுப் பரிந்துரை. நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. உணவு உண்டபின் குருதியில் சீனி எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதை அளக்கும் கிளைசீமிக் சுட்டெண், 2008இல் வெளியான பன்னாட்டு அட்டவணையில் வெள்ளைப் பாணுக்கு 75, முழுக்கோதுமைப் பாணுக்கு 74. மிக நைசாக அரைக்கப்பட்ட மாவில் தவிடு இருந்தாலும் மாச்சத்து விரைவாகவே கரைகிறது. உடைத்த அல்லது முழு மணிகள் நிறைந்த பாணே அந்த ஏற்றத்தைத் தணிக்கிறது. முழுக்கோதுமைப் பாண் என்பதற்காக இரு மடங்கு உண்ணும் நோயாளிக்கு அது நன்மை செய்யாது.

மலையகத்தைப் பொறுத்தவரை மிகுந்த கவனத்துக்குரியது இரும்புச்சத்தின் நிலை. 2016ஆம் ஆண்டு இலங்கைக் குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் 17.3 வீதமாக இருக்கத் தோட்டத்துறையில் 31.7 வீதமாக இருந்தனர். தாய்மாரின் குருதிச்சோகையும் இதே நிலத்தின் நோய். தோட்டக் குடும்பங்களுக்கு இரும்புச்சத்து ஊட்டிய கோதுமை மாவைக் கொடுத்துக் குருதிச்சோகையைக் குறைக்க முடியுமா என்று இலங்கையிலேயே நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், குருதியின் ஈமோகுளோபினில் பயன் எதுவும் காணப்படவில்லை. மாவில் இரும்பு இருப்பது ஒன்று, உடல் அதை ஏற்பது வேறு. முழுக்கோதுமையில் வெள்ளை மாவைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இரும்பு இருக்கிறது. ஆனால் அதே தவிட்டில் உள்ள பைற்றிக் அமிலம் இரும்பைப் பிணைத்துக் குடலில் உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. தேநீரின் தனின்கள் என்னும் துவர்ப்புப் பொருட்கள் அதையே இன்னும் வலுவாகச் செய்கின்றன. 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வொன்றில், பாணிலிருந்து 10.4 வீதமாக உறிஞ்சப்பட்ட இரும்பு, அதே பாணைத் தேநீரோடு உண்டபோது 3.3 வீதமாகக் குறைந்தது. உலகுக்குத் தேயிலை தரும் பெண்கள், பாணையும் ரொட்டியையும் வெறுந்தேத்தண்ணியில் நனைத்து உண்ணும் பழக்கத்தால் தம் உணவிலுள்ள இரும்பையே இழக்கிறார்கள் என்பது மனத்தை வருத்தும் செய்தி.

இதற்கு மாற்று செலவில்லாதது. தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரமாவது முன்னோ பின்னோ தள்ளிக் குடிப்பதும், விற்றமின் சி இரும்பு உறிஞ்சலைத் தூண்டுவதால் சம்பலில் தேசிக்காயைத் தாராளமாகப் பிழிவதும் உடனே செய்யத்தக்கவை. பாணைத் தேர்ந்தெடுப்பதிலும் இதற்கு இடமுண்டு: மா ஈஸ்டோடு நீண்ட நேரம் புளிக்கும்போது தானியத்திலேயே உள்ள பைற்றேசு என்னும் நொதியம் பைற்றிக் அமிலத்தைச் சிதைக்கிறது. ஒரு மணி நேரத்தில் எழச்செய்த பாணைவிட, இரவில் பிசைந்து விடியலில் போறணைக்குள் போன பாண் இவ்வகையில் மேலானது; குளிர் மிகுந்த மலையகத்தில் மா மெல்லப் புளிப்பது வெதுப்பாளருக்குத் தொல்லையாக இருப்பினும் உண்போருக்கு நன்மையே.

உறையில்லாத பாணுக்கு மீண்டால், அங்கே பட்டியலின் இடத்தைக் கேள்விதான் பிடிக்க வேண்டும். எந்த மா, முழுக்கோதுமை மா எத்தனை பங்கு, நிறத்துக்கு என்ன சேர்க்கப்படுகிறது என்னும் மூன்றையும் வெதுப்பகத்தில் கேட்பது வாங்குவோரின் உரிமை; மா மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதே அங்கு கிடைக்கும் மிக நம்பகமான சுட்டுத்துண்டு. கையில் எடுத்துப் பார்க்கும்போது முழுக்கோதுமைப் பாண் அதே பருமனுள்ள வெள்ளைப் பாணைவிடக் கனமாகவும், வெட்டிய முகத்தில் தவிட்டுப் புள்ளிகள் சீராகப் பரவியும் இருக்கும். புள்ளியே இல்லாமல் ஒரே சீரான பழுப்பு தெரிந்தால் நிறமூட்டியைச் சந்தேகிக்கலாம். இவை துணைக் குறிகளே, உறுதியான சான்றுகள் அல்ல.

விலை இன்னொரு தடை. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், பிள்ளைகள் பலருள்ள வீடு ராத்தல் பாணை விட்டு விலை கூடிய உறைப் பாணுக்கு மாறுவது எளிதன்று. இங்கு ரொட்டியே சிறந்த வழியாகத் தோன்றுகிறது. உப்பி எழ வேண்டிய தேவை ரொட்டிக்கு இல்லாததால், பாணில் வெதுப்பாளரைக் கட்டுப்படுத்தும் குளூட்டன் சிக்கல் அடுப்படியில் இல்லை. கோதுமை மாவில் பாதியைக் குரக்கனாகவோ ஆட்டாவாகவோ மாற்றி, தவிடு நீரை மெல்ல உறிஞ்சுவதால் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக நீர்விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்துத் தட்டினால் விரிசல் விழாமல் வரும். தேங்காய்ப்பூவின் கொழுப்பு அதை மென்மையாக்கும். அதன் சேர்மானப் பட்டியல் சுடுபவரின் கையிலேயே இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் லயன் அடுப்படியின் பொறுப்பாக்குவது நீதியன்று. விடியலில் மலைக்குப் போகும் பெண்ணுக்கு ரொட்டி தட்ட நேரமில்லாத நாட்களில்தான் பாண் வாங்கப்படுகிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2024 பெப்ரவரியில், ஒரு முழுப் பாண் 450 கிராமும் அரைப் பாண் 225 கிராமும் இருக்க வேண்டும் என்று வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கி, அந்த எடையைக் கடைகளில் மக்கள் காணும்படி வைக்கவும் பணித்தது. உறையில்லாத பாணின் எடையைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்த முடியுமென்றால், அதன் மாவைச் சொல்லும்படி கேட்பதும் சட்டத்துக்கு அப்பாற்பட்ட காரியமாக இருக்க முடியாது. வெதுப்பகச் சுவரிலும் பாண் வண்டியின் கண்ணாடியிலும், வெள்ளை மா எத்தனை பங்கு, முழுமணி மா எத்தனை பங்கு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு பலகையைக் கட்டாயமாக்குவதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சுத்தத்தைப் பார்க்க வரும்போது மா மூட்டையையும் அந்தப் பலகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. மஸ்கெலியாப் பிரதேசத்தின் வெதுப்பகங்களில் தொடங்கினாலே நல்லதண்ணி வரையுள்ள தோட்டங்களுக்கு அது எட்டிவிடும்.